குழந்தைப்பேறு தள்ளிப்போகிறதா? எந்தப் பரிசோதனை முதலில், எந்தச் சிகிச்சை எப்போது: ஒரு முழுமையான வழிகாட்டி

நான் எட்டு மாதம் முட்டை வளர மாத்திரை சாப்பிட்ட பிறகுதான் என் கணவருக்கு விந்துப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். எண்ணிக்கை மிகக் குறைவு என்று வந்தது. முதல் வாரத்திலேயே 2 மணி நேரத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது.

அதற்கப்புறம் சித்தி மகள், நாத்தனார், அலுவலகத் தோழிகள் என்று பலரோடு ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான்: வரிசையில். பின்னால் செய்ய வேண்டியதை முன்னால் செய்துவிடுகிறோம். நான் மருத்துவர் இல்லை. உங்களுக்கு எந்த மருந்து என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் முன்னால் உட்காரும்போது என்ன கையில் இருக்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. மாதக் கணக்கைச் சரியாகப் போடுங்கள்

கருத்தடை எதுவும் இல்லாமல், சேர்ந்து வாழ்ந்து 12 மாதம் ஆகியும் கரு நிற்கவில்லை என்றால் பரிசோதனைக்குப் போகலாம். மனைவிக்கு 35 தாண்டியிருந்தால் 6 மாதம் போதும். 40-க்கு மேல் காத்திருக்கவே வேண்டாம்.

இங்கே "சேர்ந்து வாழ்ந்து" என்பதை அழுத்திச் சொல்கிறேன். என் தோழி ஒருத்தியின் கணவர் துபாயில் வேலை. கல்யாணமாகி மூன்று வருடம் என்று ஊரே கணக்குப் போட்டது. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் நான்கு மாதம்கூட வரவில்லை. அதிலும் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்கள் எத்தனை என்று பார்த்தால் இன்னும் குறைவு. அவர்களுக்கு முதலில் வேண்டியிருந்தது சிகிச்சை இல்லை, விடுமுறையைச் சரியான தேதியில் எடுப்பதுதான்.

அந்த நாட்கள் எவை? முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய 5 நாளும். விந்தணு உள்ளே 5 நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டைக்கு ஒரு நாள்தான் ஆயுள். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்பு முட்டை வெளியாகும். 28 நாள் சுழற்சி என்றால் 14-ம் நாள். 35 நாள் என்றால் 21-ம் நாள். எல்லாருக்கும் 14-ம் நாள்தான் என்று நினைப்பது பெரிய பிழை. தேதி பார்த்து மன அழுத்தம் வருகிறது என்றால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்திருந்தாலே போதும்.

இன்னொன்று, முதல் நாள் எது என்பது. நம் வீடுகளில் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மருத்துவக் கணக்கில் நன்றாக உதிரப்போக்கு தொடங்கிய நாள்தான் 1-ம் நாள். மூன்று நாள் தள்ளி எண்ணினால் பின்னால் வரும் எல்லாச் சோதனையும் தவறான நாளில் நடக்கும்.

மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது, தாங்க முடியாத வலி இருக்கிறது, முன்பு காசநோய் வந்திருக்கிறது, கணவருக்கு விதையில் அறுவை நடந்திருக்கிறது, இருவரில் ஒருவருக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்திருக்கிறது: இவர்கள் ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

2. போவதற்கு முன் ஒரு ஃபைல் போடுங்கள்

கடைசி ஆறு மாதவிலக்கின் தேதிகள், சாப்பிடும் எல்லா மாத்திரைகள், லேகியம் சூரணம் உட்பட, பழைய ஸ்கேன்கள், பழைய அறுவை விவரம். கணவர் பக்கத்தில் சின்ன வயதில் விதை இறங்காமல் இருந்ததா, குடலிறக்க அறுவை நடந்ததா, பருவ வயதுக்குப் பின் பொன்னுக்கு வீங்கி வந்ததா என்று மாமியாரிடம் கேட்டு எழுதுங்கள். அவருக்குத்தான் நினைவிருக்கும்.

சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் அதை முதலிலேயே சொல்லுங்கள். குடும்பத்தில் மரபுக் கோளாறு இருந்தால், சிகிச்சைக்கு முன்பே மரபியல் ஆலோசனை கேட்பது நல்லது.

கூட வருபவர்களை மரியாதையாக வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, மருத்துவர் அறைக்குள் இருவர் மட்டும் போங்கள். முன்பு நடந்த கருக்கலைப்பு, உடலுறவில் இருக்கும் சிரமம், இதெல்லாம் மாமியார் முன்னால் வாயில் வராது. கல்யாணமாகி இரண்டு வருடம் உடலுறவே முழுமையாக நடக்காத தம்பதிகள் இருக்கிறார்கள். அதைச் சொல்லக் கூசி முட்டை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு, நன்றாகவே பலன் தரும்.

ஃபோலிக் அமிலம் அன்றே தொடங்கலாமா என்று கேளுங்கள். கரு உண்டான முதல் நான்கு வாரத்திலேயே குழந்தையின் முதுகுத்தண்டு உருவாகிவிடும் என்பதால் முன்கூட்டியே வேண்டும். ரூபெல்லா எதிர்ப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். தடுப்பூசி போட்டால் ஒரு மாதம் கருத்தரிப்பைத் தள்ள வேண்டும். அந்த ஒரு மாதத்தைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது.

3. விந்துப் பரிசோதனை முதல் வாரத்திலேயே

குழந்தை தாமதமாகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. இது ஊசி இல்லாத, வலி இல்லாத, செலவு குறைந்த சோதனை. அப்படியிருந்தும் வீட்டில் கடைசியாக நடப்பது இதுதான். பெண்ணுக்குச் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பு இது முடிந்திருக்க வேண்டும்.

தயாரிப்பு எளிது. 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். 10 நாள் சேர்த்து வைத்தால் அதிகம் வரும் என்று நினைத்து வைப்பார்கள். எண்ணிக்கை கூடினாலும் ஓட்டம் குறையும். சாதாரண ஆணுறை, எச்சில், எண்ணெய் எதுவும் கூடாது. முதல் துளியில்தான் விந்தணு அதிகம். அது கீழே சிந்திவிட்டால் மறைக்காமல் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தவறான ரிப்போர்ட்டை வைத்து ஒரு வருடம் ஓடும்.

இன்னொன்று, இடம். நாங்கள் போன ஆய்வகத்தில், நிரம்பிய வரவேற்பறையில் சோதனையின் பெயரைச் சத்தமாகச் சொல்லி அழைத்தார்கள். கழிவறையைக் காட்டினார்கள். அவர் அரை மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அதனால் முன்கூட்டியே போன் செய்து தனி அறை இருக்கிறதா, வீட்டில் எடுத்து வரலாமா என்று கேளுங்கள். வீட்டில் எடுத்தால் டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஐஸ் வேண்டாம், ஏசி காரின் முன்பக்கமும் வேண்டாம்.

ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது? உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டின்படி கீழ் வரம்புகள் இவை: அளவு 1.4 மி.லி., ஒரு மி.லி.யில் 1.6 கோடி விந்தணு (ரிப்போர்ட்டில் 16 மில்லியன் என்று இருக்கும்), மொத்த ஓட்டம் 42 சதவீதம், முன்னோக்கிய ஓட்டம் 30 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். வடிவம் 4 சதவீதம் என்றதும் "96 சதவீதம் கோளாறு" என்று பலர் இடிந்துபோகிறார்கள். அது இயல்புதான்.

ஒரு ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். விந்தணு உருவாக இரண்டரை மாதம் ஆகும். இரண்டு மாதம் முன்பு வந்த டெங்கு காய்ச்சல்கூட இன்றைய எண்ணிக்கையைக் குறைக்கும். அதனால் குறைவாக வந்தால் மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். ஒன்றுமே இல்லை என்று வந்தால் மட்டும் மூன்று மாதம் தள்ளாமல் சீக்கிரமே மறுபடி பாருங்கள். இடைப்பட்ட நாளில் புகை, மது, மடியில் லேப்டாப் எல்லாம் நிற்கட்டும். முக்கியமாக, ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுவிட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். உடம்பு முறுக்கேறும், ஆனால் விதை விந்தணு உருவாக்குவதை நிறுத்திவிடும்.

இரண்டாவது முறையும் ஒன்றுமே இல்லை என்று வந்தாலும் கதவு மூடிவிடவில்லை. ஆண்களுக்கான சிறுநீரியல் நிபுணரைப் பாருங்கள். வழியில் அடைப்பா, உற்பத்தியே இல்லையா என்று பிரித்துப் பார்ப்பார்கள். அடைப்பு என்றால் விதையிலிருந்தே விந்தணுவை எடுத்துப் பயன்படுத்த முடியும்.

4. பெண்ணுக்கான ரத்தச் சோதனையும் ஸ்கேனும்: நாள் மாறினால் அர்த்தம் மாறும்

எஃப்.எஸ்.எச்., எல்.எச்., எஸ்ட்ராடயால் என்ற ஹார்மோன்கள்: 2 முதல் 4-ம் நாளுக்குள். சினைப்பையில் இருக்கும் சிறு முட்டைப்பைகளை எண்ணும் ஸ்கேனும் அதே நாட்களில். தைராய்டும், முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். ஹார்மோனும் எந்த நாளிலும் எடுக்கலாம். முட்டை வெளியானதா என்று பார்க்கும் புரோஜெஸ்டிரோன், அடுத்த மாதவிலக்குக்கு 7 நாள் முன்பு. இதை "21-ம் நாள் சோதனை" என்று எழுதிக் கொடுப்பார்கள். 35 நாள் சுழற்சி உள்ளவர் 21-ம் நாள் கொடுத்தால் குறைவாகத்தான் வரும். அவருக்கு 28-ம் நாள்தான் சரி.

ஏ.எம்.எச். பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்த்த 31 வயதுப் பெண்ணுக்கு 0.7 என்று குறைவாக வந்தது. மருந்துக்கடை வாசலில் ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார். யாரோ "தானமுட்டைதான் வழி" என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த எண் சொல்வது இருப்பில் எத்தனை முட்டை, ஐ.வி.எஃப். (முட்டையை வெளியே எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கி, கருப்பைக்குள் வைக்கும் சிகிச்சை) ஊசிக்கு எத்தனை வரும் என்பதைத்தான். முட்டையின் தரத்தை அது சொல்லாது. மாதம் ஒரு முட்டை ஒழுங்காக வெளியாகும் பெண் இயற்கையாகக் கருத்தரிப்பாரா என்பதையும் சொல்லாது. குறைவாக வந்தால் காலத்தைக் கடத்தாதீர்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தரத்தைத் தீர்மானிப்பது வயதுதான்.

"நீர்க்கட்டி" என்ற சொல்லும் அப்படித்தான் பயமுறுத்துகிறது. பி.சி.ஓ.டி.யில் ஸ்கேனில் தெரிவது அறுத்து எடுக்க வேண்டிய கட்டி இல்லை. வளராமல் பாதியில் நின்ற முட்டைப்பைகள். சுழற்சி ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம், இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் அந்தப் பெயரே வைப்பார்கள். உடல் எடை கூடுதலாக இருந்தால் 5 சதவீதம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு திரும்பி வருகிறது.

"சாக்லேட் கட்டி" வேறு. அது எண்டோமெட்ரியோசிஸால் சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உண்டாகும் கட்டி. அதை அறுவை செய்யும்போது நல்ல முட்டைகளும் கொஞ்சம் போகும். அதனால் கத்திக்கு முன் ஏ.எம்.எச். பார்த்துவிட்டு, "எடுக்காவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

5. கருக்குழாய் சோதனை

எச்.எஸ்.ஜி. என்பது கருப்பைக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பது. உதிரப்போக்கு நின்ற பிறகு, ஏறக்குறைய 11-ம் நாளுக்குள். அந்தச் சுழற்சியில் அதுவரை சேராமல் இருங்கள். தொடங்கியிருக்கக் கூடிய ஒரு கருவுக்குக் கதிர் படக் கூடாது. ஒரு மணி நேரம் முன்பு வலி மாத்திரை போடலாமா என்று கேளுங்கள். மாதவிலக்கு வலி போல சில நிமிடம் இழுக்கும்.

வலியில் குழாய் சுருங்கினாலும் கருப்பைப் பக்க முனையில் அடைப்பு போலத் தெரியும். அதனால் அந்த ஒரு படத்தை மட்டும் வைத்து "இரண்டு குழாயும் அடைப்பு" என்று முடிவு செய்யாமல் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். குழாய் நீர் கோத்து வீங்கியிருந்தால் அதை விட்டுவிட்டு ஐ.வி.எஃப். செய்யக் கூடாது. அந்த நீர் கருப்பைக்குள் வடிந்து கரு ஒட்டுவதைக் கெடுக்கும். முதலில் குழாயை எடுப்பதோ மூடுவதோ நடக்க வேண்டும்.

நம் நாட்டில் காசநோய் கருக்குழாயைக் கெடுப்பது உண்மை. அதே சமயம், கருப்பைச் சதையில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை மட்டும் பாசிட்டிவ் என்று ஆறு மாத மாத்திரை எழுதினால் வேறு என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

6. ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்

சிகிச்சைக்கு முன் நான்கு வரி எழுதுங்கள்: முட்டை வெளியாகிறதா, குழாய் திறந்திருக்கிறதா, விந்தணு போதுமா, மனைவியின் வயது என்ன.

இரண்டு குழாயும் அடைப்பு அல்லது விந்தணு மிகமிகக் குறைவு என்றால் மாத்திரையிலும் ஐ.யூ.ஐ.யிலும் (விந்தணுவைக் கருப்பைக்குள் விடும் முறை, 8-ம் பகுதியில் இருக்கிறது) மாதங்களைக் கழிக்காமல் ஐ.வி.எஃப். பற்றிக் கேளுங்கள். முட்டை வெளியாகாதது மட்டும்தான் சிக்கல் என்றால் மாத்திரை. முதல் மூன்றும் சரி, வயதும் 30-க்குள் என்றால் இன்னும் கொஞ்ச காலம் இயற்கையாக முயல்வதும் ஒரு சிகிச்சை முடிவுதான். இந்தத் தாள் கையில் இருந்தால், புதிதாக ஒரு சோதனை எழுதும்போது "இதன் முடிவு எப்படி வந்தாலும் அடுத்த படி மாறுமா?" என்று கேட்க முடியும். மாறாது என்றால் அந்தச் செலவு வேண்டாம்.

7. மாத்திரையும் ஃபாலிகுலர் ஸ்டடியும் (முட்டை வளர்வதைப் பார்க்கும் ஸ்கேன்)

பி.சி.ஓ.டி.க்கு இப்போது முதல் தேர்வு லெட்ரோசோல். 2 அல்லது 3-ம் நாள் தொடங்கி 5 நாள். உள்ளே இருக்கும் தாளில் மார்பகப் புற்றுநோய் மருந்து என்று இருக்கும். பயந்து நிறுத்தாதீர்கள், முட்டை வளர்க்கவும் அதுதான் பயன்படுகிறது. முட்டைப்பை 18 முதல் 20 மி.மீ. வந்ததும் முட்டையை வெளியேற்ற ஊசி போடுவார்கள், சுமார் 36 மணி நேரத்தில் வெடிக்கும்.

மாத்திரை கொடுத்துவிட்டு முதல் சுழற்சியில்கூட ஸ்கேன் பார்க்கவில்லை என்றால் கேளுங்கள். முட்டை வளரவே இல்லையா, ஒன்றுக்குப் பதில் நான்கு வளர்ந்துவிட்டதா என்பது பார்த்தால்தான் தெரியும். ஆறு சுழற்சி முட்டை ஒழுங்காக வெளியாகியும் நிற்கவில்லை என்றால் அடுத்த படி. எட்டாவது, பத்தாவது மாதம் அதே மாத்திரை வேண்டாம்.

8. ஐ.யூ.ஐ.: எத்தனை முறை என்பதை முதலிலேயே பேசுங்கள்

கழுவிப் பிரித்த விந்தணுவை மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் விடுவது. ஒரு குழாயாவது திறந்திருக்க வேண்டும். ஒரு முறைக்கு வாய்ப்பு நூற்றுக்குப் பத்து, பதினைந்து என்ற அளவில்தான். முதல் முறையிலேயே நிற்கும் என்று வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிட்டால் இரண்டாம் வாரம் பதில் சொல்வது உங்களுக்குத்தான் பாரம்.

மூன்று அல்லது நான்கு முறை வரை முயல்வது நியாயம். ஒவ்வொரு முறையும் கழுவிய பிறகு எத்தனை விந்தணு ஓடியது என்ற எண்ணைக் கேட்டு ஃபைலில் எழுதுங்கள். மூன்று முறையும் அது மிகக் குறைவாக இருந்தால் நான்காவது முறையால் பெரிதாக எதுவும் மாறாது. மனைவிக்கு 38-க்கு மேல் என்றால் ஐ.யூ.ஐ.யைத் தாண்டி நேரே ஐ.வி.எஃப்.புக்குப் போவதைப் பற்றியும் பேசுங்கள்.

9. ஐ.வி.எஃப். மையத்தைத் தேர்ந்தெடுப்பது

2021-ல் வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டப்படி மையம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். பெண்ணுக்கு 21 முதல் 50, ஆணுக்கு 21 முதல் 55 வயது வரைதான் சிகிச்சை. தானமுட்டை என்றால் கொடுப்பவர் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரு முறைதான் கொடுக்கலாம். உறவுக்காரப் பெண்ணை நாமே அழைத்துப்போகலாம் என்று நினைப்பவர்கள் பலர். பதிவு பெற்ற வங்கி மூலமாகத்தான் நடக்கும். உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் தானமுட்டையோ தானவிந்தோ பயன்படுத்தக் கூடாது. சம்மதப் படிவத்தை முந்தின நாளே வாங்கி வீட்டில் படியுங்கள். மயக்க ஊசிக்கு முன் அவசரமாகக் கையெழுத்து போட வேண்டாம்.

"உங்கள் சக்சஸ் ரேட் என்ன?" என்று மட்டும் கேட்டால் 70, 80 என்று பதில் வரும். அது பெரும்பாலும் ரத்தத்தில் பாசிட்டிவ் வந்த கணக்கு. கேட்க வேண்டியது இது: "என் வயதுக்காரர்களில், சொந்த முட்டையில், சிகிச்சை தொடங்கியவர்களில் எத்தனை பேர் குழந்தையோடு வீட்டுக்குப் போனார்கள்?" 35-க்குள் இருப்பவர்களிடமே ஒரு முறை கரு வைத்தால் பாதிக்கும் குறைவுதான். 40 தாண்டினால் பத்தில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கும், 43-க்கு மேல் இன்னும் குறைவு.

செலவை எழுத்தில் வாங்குங்கள். நான் பார்த்த பில்களில் "பேக்கேஜ்" என்ற தொகைக்கு வெளியே ஊசி மருந்து, கரு உறைவிப்பு, ஆண்டு வாடகை, உறைந்த கருவை வைக்கும் கட்டணம் என்று தனித்தனியே வந்தன. இக்சி (ஒரு விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்துவது) எல்லாருக்கும் வேண்டும் என்று சொன்னால் காரணம் கேளுங்கள். விந்தணு நன்றாக இருந்தால் சாதாரண ஐ.வி.எஃப்.பை விட அது கூடுதல் பலன் தருவதில்லை. கருப்பை உட்சுவரைச் சுரண்டுவது, ஈ.ஆர்.ஏ. (கரு வைக்கும் நாளைக் கணிக்கும் உட்சுவர்ச் சோதனை), பி.ஆர்.பி. (சொந்த ரத்தத்தின் தட்டணு செறிந்த பகுதியைச் செலுத்துவது) ஆகியவற்றை எல்லாருக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றுதான் ஐரோப்பிய கருத்தரிப்பு மருத்துவச் சங்கம் 2023-ல் சொன்னது. பணம் கட்ட முடியாதவர்கள் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் செயற்கைக் கருத்தரிப்பு மையத்தில் முதலில் விசாரியுங்கள்.

10. ஊசி தொடங்கிய பிறகு

சுமார் 10 முதல் 12 நாள் தினசரி ஊசி, இடையிடையே ஸ்கேன். கடைசி ஊசியின் நேரம் மட்டும் தவறவே கூடாது. இரவு 10 மணி என்றால் 10 மணிதான். அதை வைத்துத்தான் முட்டை எடுக்கும் நேரம் குறிக்கிறார்கள். அலாரம் இருவர் போனிலும் வையுங்கள்.

எண்கள் குறைந்துகொண்டே வரும் என்பதை முன்பே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். என் சித்தி மகளுக்கு 12 முட்டை எடுத்தார்கள். முதிர்ந்தவை 9. கருவானவை 6. ஐந்தாம் நாள் மிஞ்சியவை 2. ஒவ்வொரு போனுக்கும் அவள் முகம் சுருங்கியது. ஆய்வகத்தில் தவறு ஒன்றும் நடக்கவில்லை, அது அப்படித்தான் போகும் என்று யாரும் முன்னால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

முட்டை எடுத்த பிறகு வயிறு வேகமாக உப்புவது, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது, விடாத வாந்தி: இரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். பி.சி.ஓ.டி. உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அவர்களுக்குக் கருவை உறைய வைத்து அடுத்த மாதம் வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னால் தள்ளிப்போடுகிறார்களே என்று வருந்த வேண்டாம்.

கரு வைத்த பின் கட்டிலோடு கிடக்க வேண்டியதில்லை. கிடந்தால் கரு ஒட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நடக்கலாம், வேலைக்குப் போகலாம். புரோஜெஸ்டிரோன் மருந்தை மட்டும் சொந்தமாக நிறுத்தாதீர்கள். வீட்டுக் குச்சிச் சோதனையை ஐந்தாம் நாளே போட்டுப் பார்த்து அழாதீர்கள். முன்பு போட்ட ஊசியே பாசிட்டிவ் காட்டலாம், சீக்கிரம் பார்த்தால் நெகட்டிவும் காட்டலாம்.

11. எத்தனை சுற்று, எவ்வளவு பணம்: தொடங்கும் முன் எழுதுங்கள்

தோல்வியான மறுநாள் இந்த முடிவை எடுக்க முடியாது. அன்று நகையை அடகு வைக்கலாமா என்றுதான் பேச்சு போகும். அதனால் முதல் ஊசிக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து இத்தனை சுற்று, இவ்வளவு தொகை, தானமுட்டை சம்மதமா, தத்தெடுப்பு சம்மதமா என்று எழுதுங்கள். பின்னால் மாற்றலாம், ஆனால் மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள்.

ஒரு சுற்று நிற்கவில்லை என்றால் அடுத்த சுற்றுக்குப் பணம் கட்டும் முன் மருத்துவரிடம் தனியாக ஒரு நேரம் வாங்குங்கள். மூன்று கேள்வி போதும்: எந்தக் கட்டத்தில் நின்றது, அடுத்த முறை எதை மாற்றப் போகிறீர்கள், மாற்ற ஒன்றும் இல்லை என்றால் ஏன் மறுபடி? சுற்றின் முழு அறிக்கையையும் நகல் கேளுங்கள். முட்டை எண்ணிக்கை, கருவின் தரம், மருந்தளவு எல்லாம் அதில் இருக்கும். வேறு மருத்துவரிடம் போனால் முதலில் கேட்பது அதைத்தான்.

ரத்தப் பரிசோதனை முடிவு பெரும்பாலும் மாலை நான்கு, ஐந்து மணிக்குப் போனில் வரும். அந்த நேரத்தில் அலுவலக இருக்கையிலோ உறவினர் வீட்டுக் கூடத்திலோ இருக்காதீர்கள். இருவரும் லீவு போடுங்கள். போனை யார் எடுப்பது என்று காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவு வேறு யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்.